காலியாக வந்த சவுண்ட் கார்டு: 256 கேபி மெமரிக்குள் ஒரு இசைக்குழுவையே ஏற்றியது எப்படி?

1992-ல் கனடாவிலிருந்து ஒரு சவுண்ட் கார்டு விற்பனைக்கு வந்தது. பெயர், கிராவிஸ் அல்ட்ராசவுண்ட். அதுவரை ஜாய்ஸ்டிக் தயாரிப்பில் பெயர் எடுத்திருந்த அட்வான்ஸ்ட் கிராவிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. சிவப்பு நிற போர்டு. அதை கம்ப்யூட்டரில் மாட்டி, ஸ்பீக்கரை இணைத்து, ஸ்விட்சைப் போட்டால் அதற்குள் பியானோ கிடையாது, டிரம் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. வெறும் காலி மெமரிதான் இருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய சவுண்ட் கார்டுக்குள் ஒரு கருவியின் ஒலிகூட இல்லையா? உண்மைதான். ஒவ்வொரு முறையும் ஒரு புரோகிராம் வந்து, ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஒலிப்பதிவுகளை எடுத்து, கார்டின் மெமரியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது, எங்கே வைப்பது என எல்லாமே புரோகிராம் எழுதுபவரின் தலையில்தான் விழும். அந்தக் கார்டின் பலமும் இதுதான், பின்னாளில் அதை வீழ்த்திய பலவீனமும் இதுதான்.

அப்போதைய புரோகிராமர்கள் அதை எப்படிச் செய்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்பு என்ன இருந்தது?

1987-ல் வந்த ஆட்லிப் கார்டில் யமஹாவின் ஒய்எம்3812 என்ற சிப் இருந்தது. அது எந்த ஒலிப்பதிவையும் வாசிக்காது. ஓர் அலையை இன்னோர் அலையால் ஆட்டிவைத்து, கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கும். இதற்கு எஃப்எம் முறை என்று பெயர். ஒரே நேரத்தில் 9 ஒலிகள் வரும். மணி, ஆர்கன் போன்ற ஒலிகள் நன்றாகவே இருக்கும். ஆனால் வயலின் வாசிக்கச் சொன்னால் பொம்மைக் கடை வயலின்தான்.

1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர், அதே யமஹா சிப்போடு ஒலிப்பதிவை வாசிக்கும் வசதியையும் சேர்த்தது. ஆனால் அப்படி வாசிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. பியானோ, டிரம், துப்பாக்கிச் சத்தம் மூன்றும் ஒன்றாக வர வேண்டுமென்றால், மூன்றையும் முன்கூட்டியே ஒரே அலையாகக் கலந்து கொடுக்க வேண்டும். கலக்கும் வேலை முழுவதும் கம்ப்யூட்டரின் பிராசசருக்கு.

அது எவ்வளவு பெரிய வேலை? சிடி தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 முறை, 32 ஒலிகளைக் கலக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 முறை ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்தாக வேண்டும். அப்போது பரவலாக இருந்த 33 மெகாஹெர்ட்ஸ் 386 பிராசசருக்கு, ஒரு ஒலித்துளிக்குக் கிடைப்பது சுமார் 23 கடிகாரத் துடிப்புகள். ஒரு பெருக்கலுக்கே 9 முதல் 22 துடிப்புகள் வரை போய்விடும். அப்போ விளையாட்டின் படத்தை யார் வரைவது?

அல்ட்ராசவுண்ட் அந்தச் சுமையை பிராசசரிடமிருந்து இறக்கிவைத்தது. அதில் இருந்த ஜிஎஃப்1 என்ற சிப், என்சோனிக் நிறுவனத்தின் சிந்தசைசர் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டது. 32 ஒலிகளைத் தானே வாசிக்கும், தானே சுருதி மாற்றும், தானே கலக்கும். பிராசசர் செய்ய வேண்டியதெல்லாம் 'இந்த இடத்தில் இருக்கும் ஒலியை இந்த வேகத்தில் வாசி' என்று சொல்வது மட்டும்தான். ஆனால் அந்த 'இந்த இடம்' கார்டின் சொந்த மெமரிக்குள் இருக்க வேண்டும். அதன் அளவு 256 கிலோபைட். கூடுதலாக சிப் வாங்கிச் சொருகினால் அதிகபட்சம் 1 மெகாபைட்.

256 கேபியில் எவ்வளவு இசை அடங்கும்?

சிடி தரத்தில், 16 பிட்டில், ஒரே சேனலில் ஒரு நொடி ஒலியைப் பதிவு செய்தால் 88,200 பைட் ஆகும். 256 கிலோபைட் என்பது 2,62,144 பைட். அதாவது மூன்று நொடிகூட முழுதாக வராது. 8 பிட்டுக்கு இறங்கி, நொடிக்கு 22,050 துளிகள் என்று தரத்தைக் குறைத்தால் சுமார் 12 நொடி கிடைக்கும்.

12 நொடிக்குள் ஒரு பியானோ, ஒரு பேஸ் கிட்டார், வயலின் கூட்டம், டிரம் செட், அதோடு விளையாட்டுக்கான வெடிச் சத்தங்கள். எல்லாம் அடங்குமா? இரண்டு தந்திரங்களால் அடங்கின.

முதல் தந்திரம், ஒரே பதிவிலிருந்து பல சுரங்கள். டேப் ரெக்கார்டரில் கேசட்டை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று மாறும், மெதுவாக ஓட்டினால் கட்டையாகும், நினைவிருக்கிறதா? அதேதான். பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயிக்குள் 12 அரைச்சுரங்கள். ஒவ்வொன்றுக்கும் வேகத்தை சுமார் 1.0595 மடங்கு கூட்டிக்கொண்டே போனால் போதும், பியானோவின் எல்லா கட்டைகளும் வந்துவிடும்.

ஆனால் ரொம்பவும் இழுக்க முடியாது. ஒரு பதிவை இரண்டு ஸ்தாயி மேலே தள்ளினால் பியானோ, பொம்மைப் பியானோ ஆகிவிடும். மனிதக் குரல் என்றால் இன்னும் மோசம், அணில் பேசுவது மாதிரி கேட்கும். அதனால் நல்ல தரமான கருவி ஃபைலில் தாழ்ந்த சுரத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்று எனப் பல பதிவுகள் இருக்கும். ஒவ்வொன்றும் எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை பயன்பட வேண்டும் என்பதும் ஃபைலிலேயே எழுதியிருக்கும்.

இரண்டாவது தந்திரம், லூப். வயலினில் வில்லை வைத்ததும் வரும் முதல் உரசல்தான் அது வயலின் என்று காதுக்குச் சொல்கிறது. அதன்பிறகு வருவது கிட்டத்தட்ட ஒரே அலை, திரும்பத் திரும்ப. எனவே தொடக்கத்தை மட்டும் முழுதாகப் பதிந்து, பின்பகுதியில் ஒரு சிறு துண்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தால், அரை நொடிப் பதிவிலிருந்து பத்து நொடி நீளமான சுரம் கிடைக்கும்.

கேட்க எளிது. செய்வதில்தான் சிக்கல். துண்டின் முடிவும் தொடக்கமும் அலையின் ஒரே இடத்தில் பொருந்த வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக், டிக்' என்று சத்தம் வரும். இன்னொரு தொல்லையும் உண்டு. 440 ஹெர்ட்ஸ் சுரத்தை 44,100 வேகத்தில் பதிந்தால், ஓர் அலையின் நீளம் 100 துளிகள் அல்ல, 100.2 துளிகள். அந்த 0.2-ஐ விட்டுவிட்டு ஒரே ஓர் அலையை மட்டும் சுற்றவிட்டால் சுரம் லேசாக விலகிவிடும். முதல் உரசல் சரியான சுருதியில் இருக்கும், லூப்புக்குள் நுழைந்ததும் சற்று ஏறிவிடும். பயிற்சி பெற்ற காதுக்கு இது எரிச்சல். இதற்காகவே ஜிஎஃப்1 சிப்பில் லூப்பின் எல்லையை முழு எண்ணில் மட்டுமல்ல, பின்னத்திலும் சொல்ல முடியும். முன்னும் பின்னுமாகப் போய்த் திரும்பும் லூப்பும் உண்டு.

கார்டு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இப்போது புரோகிராமர் பக்கம் போவோம். இன்றைய போன் ஆப் எழுதுபவர், ஒலியை வாசிக்க ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டால் போதும். அன்றைய டாஸ் அப்படி எந்த உதவியும் செய்யாது. கார்டோடு நேரடியாகப் பேச வேண்டும். அதற்கு போர்ட் எனப்படும் எண்கள் இருந்தன. வீட்டுக்குக் கதவு எண் மாதிரி.

அல்ட்ராசவுண்டின் வழக்கமான அடிப்படை எண் ஹெக்ஸ் 220. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இந்த எண், டிஎம்ஏ சேனல், இன்ட்ரப்ட் எண் எல்லாம் ஒரு சிஸ்டம் மாறியில் எழுதப்பட்டுவிடும். புரோகிராம் அதைப் படித்து கார்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்.

ஆனால் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது. கார்டைக் கழற்றிவிட்டு, அந்த வரியை அழிக்க மறந்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அதனால் ஒரு சோதனை. முதலில் கார்டை ரீசெட் செய்வார்கள். பிறகு கார்டு மெமரியின் முதல் இடத்தில் ஓர் எண்ணை எழுதுவார்கள், அடுத்த இடத்தில் வேறு எண். திரும்பப் படிக்கும்போது அதே எண் வந்தால் கார்டு இருக்கிறது. வராவிட்டால் இல்லை. மெமரி எவ்வளவு என்று தெரிந்துகொள்வதும் இப்படித்தான். ஒவ்வொரு 256 கேபி எல்லையிலும் எழுதிப் படித்துப் பார்ப்பார்கள். எங்கே பதில் சரியாக வரவில்லையோ, அத்தோடு மெமரி முடிந்தது.

ஒலியை ஏற்றுவது எப்படி?

இதில்தான் அந்தக் காலத்து வன்பொருளின் விசித்திரம் தெரியும். கார்டின் 1 மெகாபைட் மெமரி, கம்ப்யூட்டரின் மெமரிக்குள் நேரடியாகத் தெரியாது. ஒரு சின்ன ஜன்னல் வழியாக ஒவ்வொரு பைட்டாகத்தான் தள்ள வேண்டும்.

ஹெக்ஸ் 323 என்ற போர்ட்டில் 43 என்று எழுதினால், 'இனி வருவது மெமரி முகவரியின் கீழ்ப்பகுதி' என்று அர்த்தம். அந்தக் கீழ்ப்பகுதியை 324-ல் எழுத வேண்டும். மறுபடி 323-ல் 44 என்று எழுதினால் மேல்பகுதி. அதை 325-ல் எழுத வேண்டும். இவ்வளவும் முடிந்தபின், 327-ல் ஒரு பைட்டைப் போட்டால் அது கார்டின் மெமரிக்குப் போய்ச் சேரும். ஒரு பைட்டுக்கு ஐந்து எழுத்து வேலை. 2,62,144 பைட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் புத்திசாலித்தனமாக எழுதினால், முகவரியின் மேல்பகுதியை மாறும்போது மட்டும் சொல்லி நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

இதைவிட வேகமான வழி டிஎம்ஏ. 'இந்த இடத்திலிருந்து இவ்வளவு பைட்டை நீயே எடுத்துக்கொள்' என்று கார்டிடம் சொல்லிவிட்டு, பிராசசர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். முடிந்ததும் கார்டு இன்ட்ரப்ட் மூலம் கூப்பிடும். ஆனால் இதிலும் நிபந்தனைகள். கார்டில் எங்கே வைப்பது என்ற முகவரியை 16-ஆல் வகுத்துத்தான் கொடுக்க முடியும். எனவே ஒவ்வொரு ஒலியும் 16-ன் மடங்கில்தான் தொடங்க வேண்டும். 16 பிட் ஒலி என்றால் 256 கேபி எல்லையைத் தாண்டி நீளக் கூடாது. தாண்டினால் பாதி இசைக்குப் பிறகு வேறு ஏதோ ஒலி வரும்.

இன்னொரு சின்ன விஷயம், பலரைத் தூங்கவிடாமல் செய்தது. ஜிஎஃப்1 சிப் இரண்டு துளிகளுக்கு நடுவே இல்லாத மதிப்பைத் தானே ஊகித்து நிரப்பும். அதனால்தான் அதன் ஒலி அவ்வளவு மென்மையாக இருந்தது. ஆனால் லூப்பின் கடைசித் துளியில் நிற்கும்போதும் அடுத்த துளியை எட்டிப் பார்க்கும். அங்கே பக்கத்து டிரம்மின் முதல் துளி இருந்தால்? வயலினுக்கு நடுவே கிளிக் சத்தம். தீர்வு, லூப்பின் முதல் துளியை எடுத்து, முடிவுக்கு அடுத்த இடத்திலும் ஒரு நகல் வைப்பது. ஒரே ஒரு கூடுதல் துளி. அது தெரியாதவர்கள் தங்கள் ஒலிப்பதிவில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

வாசி என்று சொல்வது எப்படி?

ஒலி மெமரியில் உட்கார்ந்துவிட்டது. இனி வாசிக்க வேண்டும். முதலில் 322-ல் எந்த வாய்ஸ் என்று சொல்ல வேண்டும், 0 முதல் 31 வரை. அதன் பிறகு ஒவ்வொரு ரெஜிஸ்டராக நிரப்ப வேண்டும். தொடக்க முகவரி, முடிவு முகவரி, இப்போது எங்கிருந்து தொடங்குவது, எந்த வேகம், எந்தப் பக்கம், எவ்வளவு சத்தம். கடைசியாக 'ஓடு' என்ற பிட்.

பக்கம் என்பது 0 முதல் 15 வரை. 0 முழு இடது, 15 முழு வலது, நடுவுக்கு 7. சத்தத்தின் அளவு 0 முதல் 4095 வரை. ஆனால் இது நேர்க்கோட்டுக் கணக்கு அல்ல. ஒவ்வொரு 256 படி ஏறும்போதும் ஒலியின் வீச்சு இரட்டிப்பாகும். காது கேட்கும் விதமும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் இசைக்கு இது வசதி. ஆனால் 4095-ன் பாதி 2047 தானே என்று நினைத்து அந்த எண்ணைப் போட்டவருக்கு எதுவுமே கேட்காது.

வேகத்துக்கு 1024 என்றால் பதிவை அப்படியே வாசிப்பது. 512 என்றால் பாதி வேகம். இங்கேதான் இந்தக் கார்டின் பிரபலமான விசித்திரம் வருகிறது. 14 வாய்ஸ் வரை இயக்கினால் வெளியீடு நொடிக்கு 44,100 துளிகள். அதற்குமேல் வாய்ஸ் கூடக்கூட தரம் இறங்கும். 32-ஐயும் இயக்கினால் நொடிக்கு 19,293 துளிகள்தான். காரணம் எளிது. சிப் எல்லா வாய்ஸையும் வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சுற்றுக்கு வரும். வரிசை நீண்டால் சுற்று தாமதம்.

இதனால் தரம் மட்டுமல்ல, வேகக் கணக்கும் மாறும். 22,050-ல் பதிந்த ஒலியை 14 வாய்ஸில் சரியான சுருதியில் வாசிக்க 512 போட வேண்டும். 32 வாய்ஸில் அதே ஒலிக்கு 1170. கணக்கை மாற்றாமல் வாய்ஸ் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் பாட்டு முழுவதும் சுருதி இறங்கிவிடும். 32 வாய்ஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், நல்ல இசையமைப்பாளர்கள் எண்ணிக்கையை அடக்கியே வைத்தார்கள். எத்தனை ஒலி என்பதைவிட எப்படிப்பட்ட ஒலி என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அது சரியான முடிவும்கூட.

நிறுத்துவதும் ஒரு கலை. ஓடிக்கொண்டிருக்கும் வாய்ஸை சட்டென்று நிறுத்தினால் 'டப்' என்று சத்தம் வரும். ஸ்பீக்கர் காகிதம் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் குதிப்பதால் வரும் சத்தம். எனவே முதலில் ஒலியளவைப் படிப்படியாக இறக்கச் சொல்லி, அது பூஜ்யத்துக்கு வந்தபிறகுதான் நிறுத்த வேண்டும். இறக்கும் வேலையை சிப்பே செய்யும், எவ்வளவு வேகத்தில் என்று சொன்னால் போதும்.

சில ரெஜிஸ்டர்களை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. வாய்ஸின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் உள்ள சில பிட்டுகளை சிப்பும் தானே மாற்றிக்கொண்டிருக்கும். நாம் எழுதும் அதே நொடியில் சிப்பும் எழுதினால் நம்முடையது அழிந்துவிடும். அதனால் ஒருமுறை எழுதி, மைக்ரோ நொடிக் கணக்கில் காத்திருந்து, மறுபடி எழுதுவார்கள். அந்தக் காத்திருப்புக்கு நிறுவனத்தின் மாதிரி புரோகிராமே செய்தது என்ன தெரியுமா? ஒரு போர்ட்டை வெறுமனே ஏழு முறை படித்தது. படித்த மதிப்பு எதற்கும் தேவையில்லை. நேரம் போனால் சரி.

இதைவிட ஆபத்தான இடம் இன்ட்ரப்ட். புரோகிராம் '5-வது வாய்ஸ்' என்று தேர்வு செய்து, வேகத்தை எழுதப் போகும் அந்த நொடியில் இன்ட்ரப்ட் வருகிறது. அது '9-வது வாய்ஸ்' என்று தேர்வு செய்து தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறது. திரும்பி வந்த புரோகிராம் தன் வேகத்தை எழுதுகிறது, ஆனால் 9-வது வாய்ஸில். டிரம் திடீரென்று ஊளையிடும். ஆயிரத்தில் ஒருமுறை நடக்கும், சோதிக்கும்போது நடக்கவே நடக்காது. இன்ட்ரப்டுகளை அடைத்துவிட்டு எழுதி, முடிந்ததும் திறந்துவிடுவதுதான் வழி.

டூம் விளையாட்டுக்குள் இருந்த ஒரு பட்டியல்

கருவிகளின் பதிவுகள் பேட்ச் என்ற ஃபைல்களில் வந்தன. பதிவு, லூப் எல்லைகள், எந்தச் சுரத்தில் பதிந்தது, ஒலி எப்படி ஏறி எப்படி இறங்க வேண்டும் என எல்லாம் அதற்குள் இருக்கும். சுரத்தை ஹெர்ட்ஸின் ஆயிரம் மடங்காக எழுதுவார்கள். நடு 'சி' என்றால் 261625.

1991-ல் வந்த ஜெனரல் மிடி தரம் 128 கருவிகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தியது. 1 என்றால் பியானோ. நம் ஊர்ப் பக்கம் பார்த்தால் 105 சிதார், 112 ஷெனாய். வீணைக்கோ நாதஸ்வரத்துக்கோ அதில் இடம் இல்லை. ரோமில் ஒலிகளைப் பதித்து விற்ற கார்டு வாங்கியவர்களுக்கு இந்தப் பட்டியல்தான் எல்லை. காலி மெமரியோடு வந்த கார்டுக்கு அந்த எல்லை கிடையாது. பதிவு இருந்தால் எந்தக் கருவியையும் ஏற்றலாம்.

ஆனால் 128 கருவிகளும் ஒரே நேரத்தில் 256 கேபியில் அடங்காது. பாட்டில் எந்தெந்தக் கருவி வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து, அவற்றை மட்டும் ஏற்ற வேண்டும். அதுவும் அடங்கவில்லை என்றால்?

1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டு இதற்கு ஒரு நேர்மையான விடை வைத்திருந்தது. அதன் தரவு ஃபைலுக்குள்ளேயே அல்ட்ராசவுண்டுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு கருவி எண்ணுக்கும் நான்கு பத்திகள். கார்டில் 256 கேபி இருந்தால் எந்தப் பேட்ச், 512 இருந்தால் எது, 768 இருந்தால் எது, 1024 இருந்தால் எது. மெமரி குறைந்தால் பல கருவிகளுக்குப் பொதுவாக ஒரே பேட்ச். ஒரே விளையாட்டு, ஒரே பாட்டு, ஒரே கார்டு. ஆனால் கூடுதல் மெமரி சிப்புக்குச் செலவு செய்தவர் கேட்ட இசையும், செய்யாதவர் கேட்ட இசையும் ஒன்றல்ல.

இந்தத் தொல்லை இல்லாமல் அல்ட்ராசவுண்டைக் கொண்டாடியவர்களும் உண்டு. 1987-ல் அமிகா கம்ப்யூட்டரில் பிறந்த டிராக்கர் இசையில், பாட்டு ஃபைலுக்குள்ளேயே அதற்குத் தேவையான ஒலிப்பதிவுகளும் இருக்கும். வேறு எங்கும் தேட வேண்டாம். பாட்டு தொடங்கும்போது மொத்தத்தையும் கார்டில் ஏற்றிவிட்டு, வழக்கமான வேகத்தில் நொடிக்கு 50 முறை மட்டும் வேகத்தையும் சத்தத்தையும் திருத்தினால் போதும். அமிகா ஒலிகளில் துளிகளை எழுதும் முறையும் ஜிஎஃப்1 எதிர்பார்த்த முறையும் ஒன்றாகவே இருந்தன. மாற்றாமல் அப்படியே ஏற்றலாம். மிச்சமாகும் பிராசசர் நேரம் முழுவதும் படத்துக்கு. 1993-ல் பின்லாந்தின் அசெம்ப்ளி விழாவில் பிசி டெமோ பிரிவில் வென்ற 'செகண்ட் ரியாலிட்டி' அல்ட்ராசவுண்டில் ஓடியது. ஸ்க்ரீம் டிராக்கர் 3, ஃபாஸ்ட் டிராக்கர் 2 என்று புகழ்பெற்ற இசை மென்பொருள்களும் இந்தக் கார்டை நேரடியாக ஆதரித்தன.

பிறகு ஏன் காணாமல் போனது?

விளையாட்டுகள் பெரும்பாலும் சவுண்ட் பிளாஸ்டரை மனதில் வைத்து எழுதப்பட்டன. அல்ட்ராசவுண்டில் ஆட்லிப்பின் யமஹா சிப் கிடையாது. அதனால் அந்த விளையாட்டுகளுக்காக, சவுண்ட் பிளாஸ்டர் போல நடிக்கும் மென்பொருளை முதலில் ஓட்ட வேண்டும். சில விளையாட்டுகளில் வேலை செய்யும், சிலவற்றில் மெமரியைத் தின்னும், சிலவற்றில் கம்ப்யூட்டரே நின்றுவிடும். நல்ல ஒலிக்காக அல்ட்ராசவுண்டும், பழைய விளையாட்டுகளுக்காக சவுண்ட் பிளாஸ்டரும் என இரண்டு கார்டையும் ஒரே பெட்டியில் மாட்டியவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அது கட்டுப்படியாகுமா என்ன?

1994-ல் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த ஏடபிள்யூஇ32 இந்தப் பிரச்சினையை நேரடியாகவே தீர்த்தது. பழைய யமஹா முறையும் இருந்தது. 1 மெகாபைட் ரோமில் கருவிகளும் தயாராக இருந்தன. சொந்த ஒலிகளை ஏற்ற 512 கேபி ரேமும் இருந்தது, மேலும் சொருகினால் 28 மெகாபைட் வரை போகலாம். எதுவும் ஏற்றாமலே இசை வரும், வேண்டுமென்றால் ஏற்றிக்கொள்ளலாம். வாங்குபவருக்கு வேறு என்ன வேண்டும்? கிராவிஸ் பின்னர் மேம்பட்ட கார்டுகளைக் கொண்டுவந்தும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. பென்டியம் காலத்தில் பிராசசர்களே 32 ஒலிகளைச் சிரமமின்றிக் கலக்கத் தொடங்கிவிட்டன. கார்டுக்குள் தனி மெமரி வைத்து அங்கே ஒலியை ஏற்ற வேண்டிய தேவையே மெல்ல மறைந்தது.

இன்று கேட்க முடியுமா?

முடியும். கார்டு போனாலும் அதன் ஃபைல் முறை போகவில்லை. 1995-ல் வந்த டிமிடிட்டி என்ற இலவச மென்பொருள், அல்ட்ராசவுண்ட் பேட்ச்களை எடுத்து, கார்டே இல்லாமல் பிராசசரில் வாசித்தது. அதன் வழியே லினக்ஸ் உலகத்தில் அந்த பேட்ச்கள் தொடர்ந்து உயிரோடு இருந்தன.

பழைய விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளிலும் இந்தக் கார்டின் நகல் இருக்கிறது. அமைப்பு ஃபைலில் அதை ஆன் செய்ய வேண்டும். பழைய கம்ப்யூட்டரையே வைத்திருப்பவர்களுக்கு பிகோகஸ் என்று ஒரு புதிய கார்டு உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ராஸ்பெர்ரி பை பிகோ போர்டு அதற்குள் உட்கார்ந்துகொண்டு, ஜிஎஃப்1 சிப்பாக நடிக்கும். 322-ல் வாய்ஸ் எண்ணை எழுதினால், 1992-ல் என்ன நடந்ததோ அதே நடக்கும்.

டாஸ்பாக்ஸில் முயற்சி செய்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கார்டின் நகல் அதோடு வரும், பேட்ச் ஃபைல்கள் வராது. அவற்றைத் தனியாக எடுத்து, அமைப்பு ஃபைலில் சொல்லியிருக்கும் ஃபோல்டரில் வைக்க வேண்டும். வைக்காமல் டூம் விளையாட்டைத் தொடங்கினால், துப்பாக்கிச் சத்தம் வரும். பின்னணி இசை வராது.